பனியன் வேஸ்ட்டும் வட்டப் பொருளாதாரமும்: வாசகர் கேள்வி பதில்

பஞ்சு வாங்கினோம், துணி போட்டோம், வெட்டினோம், மிச்சத்தை மூட்டை கட்டினோம் என்று ஒரே திசையில் ஓடும் தொழிலைத் திருப்பி, மிச்சம் மறுபடி நூலாக வரும்படி செய்வதைத்தான் வட்டப் பொருளாதாரம் என்கிறார்கள். திருப்பூருக்கு இது புதிய பெயர், பழைய தொழில். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வட்டாரத்துக் கடிதங்கள்தான். இலங்கையிலிருந்தும் ஒன்று வந்திருக்கிறது.

எங்களுடையது 25 மெஷின் உள்ள சின்ன யூனிட். கட்டிங் வேஸ்ட்டை வாரம் ஒருமுறை மொத்தமாக மூட்டை கட்டி வேஸ்ட் வியாபாரிக்குப் போட்டுவிடுகிறோம். பிரித்துக் கொடுத்தால் கூடுதல் விலை கிடைக்கும் என்கிறார்கள். அதற்கென்று தனி ஆள் போட்டால் கட்டுப்படியாகுமா?
– பனியன் கம்பெனி உரிமையாளர், திருப்பூர்

தனி ஆள் போடாதீர்கள், கட்டுப்படியாகாது. கலந்ததைப் பிரிக்கத்தான் ஆள் வேண்டும். கலக்காமல் இருக்க ஒரு சாக்கு போதும்.

கட்டிங் டேபிளில் ஒரு லே (வெட்டுவதற்கு அடுக்கடுக்காகப் போடும் துணி) விரித்திருக்கும்போது அது என்ன துணி, என்ன கலர், என்ன ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) என்பது மாஸ்டருக்குத் தெரியும். வெட்டிய துண்டு தரையில் விழுந்து அடுத்த லேயின் துண்டோடு சேர்ந்த நொடியில் அந்தத் தகவல் போய்விடுகிறது. பிறகு யார் பார்த்தாலும் அது 'வெளிர் நீலத்தில் ஏதோ ஒரு துணி'. ஆகவே ஒவ்வொரு டேபிளுக்கும் கால் வைத்த இரும்புச் சட்டத்தில் வாய் திறந்தபடி இரண்டு சாக்கு மாட்டுங்கள். ஒன்று அந்த லேயின் துண்டுகளுக்கு. மற்றது மார்க்கர் பேப்பர் (வெட்டும் வடிவங்கள் வரைந்த தாள்), டேப், ஸ்டிக்கர் போன்ற குப்பைக்கு. லே முடிந்ததும் சாக்கின் வாயைக் கட்டி, எடை போட்டு, ஒரு சீட்டு தொங்கவிடுங்கள். இழைக் கலவை (100% காட்டனா, காட்டன்–பாலியஸ்டரா, லைக்ரா கலந்ததா), கலர், ஜி.எஸ்.எம்., லாட் எண், எடை, தேதி ஆகிய ஆறும் போதும். சாயமேற்றும்போது கொடுத்த லாட் எண்ணையே எழுதினால் பிற்பாடு சான்றிதழ் கேட்கும்போது உதவும்.

பிரிக்கும் வரிசை முக்கியம். முதலில் நூலின் வகை, அடுத்துதான் கலர். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கறுப்புக் காட்டனும் கறுப்பு பாலியஸ்டரும் ஒரே மூட்டையில் இருந்தால் மில்லுக்கு அது கறுப்பு அல்ல, கலப்படம். கலரில் வெள்ளை, வெளிர், அடர், கறுப்பு, மெலஞ்ச் (பல நிற இழை கலந்தது) என்று ஐந்து போதும். பிரிண்ட் ஏறிய துண்டு தனி. ஓவர்லாக் மெஷின் கத்தரித்துத் தள்ளும் நறுக்கும் தனி. அதில் பாலியஸ்டர் தையல் நூல் பின்னிக் கிடக்கும், காட்டன் மூட்டையில் போட்டால் மூட்டையே கெடும்.

நடைமுறையில் எங்கே கெடுகிறது? சனிக்கிழமை மாலை. பாதி நிரம்பிய ஆறு சாக்கைப் பார்த்ததும் ஹெல்பர் நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் மூன்றாக்கிவிடுவார். பாதிச் சாக்கு பாதிச் சாக்காகவே கட்டப்பட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். அடுத்தது கூட்டித் தள்ளும் தரைவேஸ்ட். எண்ணெய், ஊசி, பின் எல்லாம் அதில்தான் இருக்கும், நல்ல மூட்டையில் சேர்க்கவே கூடாது. ஈரம் இன்னொன்று. மழைக்காலத்தில் வெளி வராந்தாவில் கிடந்த மூட்டை பூஞ்சை பிடித்தால் அதில் வரும் பஞ்சில் கறுப்புப் புள்ளி தங்கும்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறோம். பின்னலாடையில் 100 கிலோ துணிக்கு 15 முதல் 20 கிலோ வரை வெட்டுக்கழிவு போவது சாதாரணம். அதை நல்ல விலைக்கு விற்பதைவிட ஒரு சதவீதம் குறைப்பது லாபம். துணியின் விலை வேஸ்ட் விலையைப்போலப் பல மடங்கு. 5 மீட்டர் லேயில் இரு முனையிலும் 4 செ.மீ. விட்டு விரித்தால் 1.6% போகிறது. 2 செ.மீ. ஆக்கினால் 0.8%. வாரம் 1,000 கிலோ வெட்டுகிற இடத்தில் அது 8 கிலோ துணி. அதேபோல ரோல்களின் அகலத்தை அளந்து, ஒத்த அகலம் உள்ளவற்றை ஒரே லேயில் விரியுங்கள். ஒரு ரோல் மட்டும் 3 செ.மீ. குறுகலாக இருந்தால் அந்த லே முழுவதற்கும் மார்க்கர் அந்தக் குறுகல் ரோலுக்குத்தான் போடப்படும். மற்ற ரோல்களில் ஓரத்தில் 3 செ.மீ. பட்டை வீண்.

அரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள எண்ட் பிட்டுகளை (ரோல் முடிவில் மிஞ்சும் துணியை) அரைக்கக் கொடுப்பது பாவம். கழுத்துப்பட்டி, பாக்கெட், குழந்தைகள் ஜட்டி என்று அவற்றைத் துணியாகவே வாங்கிப் பிழைக்கிறவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். துணியைத் துணியாக வைத்திருப்பதுதான் வட்டத்தின் மிகச் சிறிய, மிக மலிவான சுற்று.

துணியைப் பிரித்தால் பஞ்சு, பஞ்சை நூற்றால் நூல். பிறகு ஏன் ரீசைக்கிள் நூலில் போட்ட டி-ஷர்ட் மட்டம் என்கிறார்கள்? முதல் தரத்தில் போட முடியாதா?
– டெக்ஸ்டைல் டிப்ளமோ மாணவி, ஈரோடு

இழைநீளம்தான் காரணம். திருப்பூர் டி-ஷர்ட்டுக்குப் போகும் நல்ல பருத்தியின் இழை 28–29 மி.மீ. நீளம் இருக்கும். ஒருமுறை துணியாகி, மறுபடி கிழிக்கப்பட்டு வரும்போது பெரும்பகுதி 10 முதல் 15 மி.மீ. ஆகிவிடுகிறது. நூலுக்கு வலு தருவது இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து முறுக்கில் பிடித்துக்கொள்ளும் நீளம். அது பாதியானால் முறுக்கைக் கூட்ட வேண்டும். முறுக்கைக் கூட்டினால் துணி முரடாகும், துவைத்ததும் பக்கத் தையல் திரும்பும்.

கிழிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் எங்கே சேதம் ஆகிறதென்று புரியும். மூட்டை வந்ததும் கத்தி எந்திரம் துணியை நாலைந்து செ.மீ. துண்டுகளாக நறுக்கும். காந்தம் ஊசி, பட்டன், ஜிப் துண்டுகளைப் பிடிக்கும். பிறகு முள் பதித்த உருளைகள் ஐந்தாறு வரிசையாகச் சுழன்று துண்டைப் பின்னலாக்கி, பின்னலை நூலாக்கி, நூலைப் பஞ்சாக்கும். முதல் உருளையில் முள் பெரிதாகவும் இடைவெளி விட்டும் இருக்கும். போகப்போக நுண்ணியதாகும். இந்த வரிசையைச் சுருக்கி இரண்டே உருளையில் முடிக்கப் பார்த்தால் இழை அறுந்து தூசியாகும். கிழிப்பதற்கு முன் மென்மையாக்கும் எண்ணெய்க் கரைசலை லேசாகத் தெளித்துச் சில மணி நேரம் ஊறவிட்டால் உராய்வு குறையும், நீளம் கொஞ்சம் மிஞ்சும். இறுக்கமாகப் பின்னிய மெல்லிய சிங்கிள் ஜெர்சியைவிட (சாதாரண டி-ஷர்ட் துணி) தளர்வான ரிப்பிலிருந்தும் (கழுத்துக்குப் போடும் இழுபடும் வரிப் பின்னல்) பருமனான நூலில் போட்ட துணியிலிருந்தும் நீள இழை கிடைக்கும்.

இந்தப் பஞ்சை ரிங் மில்லில் போட்டு மெல்லிய நூல் எடுக்க முடியாது. அதனால்தான் ஓ.இ. மில்கள். வேகமாகச் சுழலும் ரோட்டர் என்ற கிண்ணத்துக்குள் இழைகளை ஊதி அனுப்பி, அதன் பள்ளத்தில் படியவைத்து, முறுக்கி இழுப்பது அந்த முறை. குட்டை இழையை அது தாங்கும். ஆனாலும் பிரியாத நூல்துண்டும் தூசியும் ரோட்டர் பள்ளத்தில் ஒரே இடத்தில் தங்கினால், ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் அந்த இடம் ஒரே மாதிரி தடிக்கும் அல்லது மெலியும். துணியாகப் போட்டால் நீரலைபோல ஒரு வரி தெரியும். இந்தக் குறை வந்தால் நூற்கும் முறையையே குற்றம் சொல்லிப் பயனில்லை. கார்டிங்கில் (இழைகளைச் சீவிப் பிரிக்கும் கட்டத்தில்) எவ்வளவு தூசி எடுத்தார்கள், ரோட்டரை எப்போது துடைத்தார்கள் என்று கேளுங்கள்.

எனவே ரீசைக்கிள் நூலுக்கு 10, 16, 20 கவுண்ட் (எண் கூடக்கூட நூல் மெலியும்) என்பதே இயல்பான இடம். பல்லடம், மங்கலம் பக்கத்து மில்களில் இந்த நூல்தான் ஓடுகிறது. இதில் நிறைய கரூருக்கும் சென்னிமலைக்கும் போய் விரிப்பாக, துண்டாக, தரைவிரிப்பாக மாறுகிறது. உடலில் போடும் டி-ஷர்ட்டுக்கு 20–30% ரீசைக்கிள் பஞ்சோடு மீதம் நல்ல புதுப் பஞ்சைச் சேர்த்தால் தரம் நிற்கும். 50% தாண்டினால் பில்லிங்கும் (துணிமேல் பஞ்சுருண்டை எழுவது) கிழிவலுவும் சோதனையில் அடிவாங்கத் தொடங்கும். 'டி-ஷர்ட் மறுபடி டி-ஷர்ட்' என்ற விளம்பரத்தை நம்பும்முன் அதில் எத்தனை சதவீதம் என்று கேட்பது உங்கள் உரிமை. மட்டம் என்ற சொல்லும் சரியல்ல. 16 கவுண்ட் ஹூடிக்கும் பைக்கும் இது நல்ல நூல். 30 கவுண்ட் கோம்டு (குட்டை இழையைச் சீவி நீக்கிய) துணியின் மழமழப்பை இதில் எதிர்பார்ப்பதுதான் தவறு.

லைக்ரா வெறும் 5% தானே, காட்டன் வேஸ்ட்டோடு சேர்த்தால் என்ன ஆகிவிடும்?
– கட்டிங் மாஸ்டர், அவிநாசி

லைக்ரா கிழியாது, இழுபடும். முள் உருளையில் சுற்றிக்கொள்ளும், உராய்வுச் சூட்டில் இளகி ஒட்டும், எந்திரத்தை நிறுத்திக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். தப்பிவந்த துணுக்கு நூலில் முடிச்சாக நிற்கும். நூறு மூட்டையில் இரண்டு கலந்தாலும் மில்காரர் நூறுக்கும் விலை குறைப்பார். சந்தேகமான துண்டை இரண்டு கையிலும் பிடித்து மெதுவாகக் கிழித்து, கிழிந்த ஓரத்தைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மெல்லிய நூல் நீட்டிக்கொண்டு உள்ளே சுருங்கினால் அது லைக்ரா. தீயில் காட்டிப் பார்ப்பது காட்டனா பாலியஸ்டரா என்பதற்கு உதவும். காட்டன் காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகும். 5% லைக்ரா அந்தச் சோதனையில் ஏமாற்றிவிடும்.

ஐரோப்பிய பையர் 20% ரீசைக்கிள் காட்டன், ஜி.ஆர்.எஸ். (உலக மறுசுழற்சித் தரம்) சான்றிதழோடு கேட்கிறார். எங்கள் சொந்தக் கட்டிங் வேஸ்ட்டையே மில்லுக்குக் கொடுத்து நூலாக வாங்கினால் அது கணக்கில் வருமா?
– மெர்ச்சன்டைசர், திருப்பூர்

வரும். உங்கள் வெட்டுக்கழிவு 'நுகர்வுக்கு முந்தைய கழிவு' என்ற வகை. ஆனால் ஒரு வாசல் இருக்கிறது, பலர் அங்கே இடித்துக்கொள்கிறார்கள். ஒரு தொழிற்சாலையில் ஒரு வேலையில் விழுந்த மிச்சம் அதே வேலைக்கே திரும்பிப் போனால் அதை மறுசுழற்சி என்று எண்ணக் கூடாது. ஸ்பின்னிங் மில்லில் அறுந்த ஸ்லைவரை (நூலாகும் முன் உள்ள பஞ்சுக் கயிறு) மறுபடி புளோரூமில் (பஞ்சை முதலில் பிரித்துத் தூசி நீக்கும் இடம்) போடுவது மில்காரரின் அன்றாடச் சிக்கனம். அது ஜி.ஆர்.எஸ். கணக்கில் பூஜ்யம். உங்கள் வெட்டுத்துண்டு கிழிக்கும் மில்லுக்குப் போய் இழையாவதால் கணக்கில் சேரும்.

சான்றிதழ் சங்கிலி கிழிக்கும் மில்லிலிருந்து தொடங்குகிறது. கழிவு தருகிற நீங்களும் இடையில் சேர்த்து விற்பவரும் அந்த நிலைக்குச் சான்று வாங்க வேண்டாம். உறுதிமொழிப் படிவமும், எடைச்சீட்டும், கழிவு எங்கிருந்து வந்தது என்ற பதிவும் போதும். அதற்குப் பிறகு மில், நிட்டிங், டையிங், உங்கள் கார்மென்ட் யூனிட் என்று ஒவ்வொரு கையும் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் பரிமாற்றச் சான்று வேண்டும். ஒரு ஜாப் ஒர்க் டையிங் யூனிட்டை அவசரத்துக்கு வெளியே மாற்றினால் அங்கேயே சங்கிலி அறுந்தது.

20% என்பது சான்று பெறுவதற்கான கீழ்வரம்பு. கடையில் ஆடையின் மேல் ஜி.ஆர்.எஸ். முத்திரை போட 50% வேண்டும். பையர் ஹேங்டேகில் முத்திரை எதிர்பார்க்கிறாரா என்பதை விலை சொல்லும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கணக்கில் இரண்டு இடத்தில் சறுக்கும். நூலில் 300 கிலோ ரீசைக்கிள் இருக்க வேண்டுமென்றால் 300 கிலோ பஞ்சு போட்டால் போதாது. குட்டை இழை கார்டிங்கில் அதிகம் உதிரும். உதிர்வு 10% என்று வைத்தால் 334 கிலோ போட வேண்டும். அடுத்தது கழுத்து ரிப். 100 கிராம் டி-ஷர்ட்டில் உடல் துணி 92 கிராம், அதில் சரியாக 20% ரீசைக்கிள், கழுத்து ரிப் 8 கிராம் புது நூல் என்றால் முழு ஆடைக்கு 18.4% தான் வரும். உடல் துணியை 23–24% வைத்துப் பின்னச் சொல்லுங்கள். நிபந்தனைகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆர்டர் எடுக்கும் நாளில் நடப்பில் உள்ள பதிப்பைச் சான்றளிக்கும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ரீசைக்கிள் பஞ்சில் யாரோ போட்ட பழைய சாயமும் கூடவே வருகிறது. தடைசெய்யப்பட்ட அமைன்களை வெளிவிடும் ஆசோ சாயத்துக்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 30 மி.கி. வேஸ்ட் ஒவ்வொரு லாட்டாக மாறுவதால் ஒருமுறை பாஸான அறிக்கையை வருடம் முழுக்கக் காட்ட முடியாது. லாட் தோறும் சோதனை செய்யுங்கள்.

ஒரத்துப்பாளையம் அணையால் எங்கள் நிலம் பாழானது. இப்போது சாயப்பட்டறைத் தண்ணீர் முழுக்க மறுசுழற்சி ஆகிறது, ஒரு சொட்டும் வெளியே வருவதில்லை என்கிறார்கள். இது உண்மையான வட்டமா?
– விவசாயி, காங்கேயம் பக்கம்

தண்ணீரைப் பொறுத்தவரை சரியாக நடத்தப்படும் நிலையத்தில் ஏறத்தாழ வட்டம்தான். உப்பைப் பொறுத்தவரை முக்கால் வட்டம். எரிசக்தியைப் பொறுத்தவரை நேர்கோடு.

அந்த அணை நிற்கும் நொய்யல் ஆற்றில் விழுந்த பிரச்சினையின் வேர் கலரைவிட உப்புதான். பருத்தியை ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். 100 கிலோ துணிக்கு 1:6 என்ற விகிதத்தில் ஒரு குளியலுக்கு 600 லிட்டர் தண்ணீர். அடர் கலருக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 36 கிலோ. அந்த உப்பில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்குவதில்லை, மொத்தமும் கழிவுநீரில் வந்துவிடும். வெளுப்பு, நடுநிலையாக்கம், சாயம், சோப்பு, அலசல் என்று எட்டு ஒன்பது குளியல் சேர்ந்தால் கிலோவுக்குச் சுமார் 50 லிட்டர் ஆகும். வெளியேற்ற அனுமதித்த கரைந்த உப்பு வரம்பு லிட்டருக்கு 2,100 மி.கி. சாதாரண சுத்திகரிப்பு கலரையும் நாற்றத்தையும் எடுக்கும், உப்பைத் தொடாது. அதனால்தான் அந்த வரம்பு காகிதத்திலேயே இருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் 'வெளியேற்றம் பூஜ்யம்' என்பது செயலுக்கு வந்தது.

இப்போது நடப்பது இதுதான். நுண்ணுயிர்த் தொட்டி, நிறநீக்கம், வடிகட்டல், அடுத்து ஆர்.ஓ. இதில் வந்த நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்புகிறது. மீந்த கெட்டி உப்புநீரைக் காய்ச்சி உப்பை எடுக்க வேண்டும். காய்ச்சத்தான் விறகும் மின்சாரமும் தின்கிறது. இதைக் குறைக்கத் திருப்பூரில் நல்ல வழி ஒன்று கண்டார்கள். உப்புநீரின் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, காய்ச்சாமல் அப்படியே சாயத்தொட்டிக்கு உப்புக்கரைசலாக அனுப்புவது. இதில் கவனம் தேவைப்படுவது காரத்தன்மை. கரைசலில் கார்பனேட், பைகார்பனேட் மிஞ்சியிருந்தால் சாயம் துணிக்குள் பரவும் முன்பே பிடித்துவிடும், துணி பட்டை பட்டையாக வரும். சாயக்காரர்கள் ஆரம்பத்தில் இந்த உப்புநீரைக் கண்டு பயந்ததற்கு இதுதான் காரணம். அமிலம் சேர்த்து அளவைச் சரிசெய்தால் தீரும்.

தீராதது, சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கலந்து கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு. யாரும் வாங்குவதில்லை, கொட்டகையில் குவிகிறது. சுத்திகரிப்பில் தங்கும் சேறு அபாயகரக் கழிவு, சிமெண்ட் ஆலைச் சூளைக்குப் போகிறது. ஆகவே முழு வட்டம் என்று யாராவது சொன்னால் அந்த உப்புக் கொட்டகையைக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. கலர் பிரித்த வேஸ்ட்டிலிருந்து வரும் நூலுக்குச் சாயமே வேண்டாம். நீல வேஸ்ட் நீல நூலாகிறது. 36 கிலோ உப்பும் ஐயாயிரம் லிட்டர் தண்ணீரும் தொடங்கவே இல்லை. பையர் துல்லிய ஷேடு கேட்காமல் 'இந்த நீலத்தின் சாயலில் வரும்' என்பதை ஏற்க வேண்டும், அவ்வளவுதான். பேச்சுவார்த்தையில் இதைவிட நல்ல துருப்பு நமக்கு இல்லை.

பங்களாதேஷ் நம்மைவிடப் பெரிய ஏற்றுமதியாளர். அங்கே வேஸ்ட் என்ன ஆகிறது?
– கல்லூரி விரிவுரையாளர், கோவை

அங்கே வெட்டுக்கழிவின் பெயர் 'ஜுட்' (சணல் அல்ல). 2019-இல் அந்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளும் துணி மில்களும் சுமார் 5.77 லட்சம் டன் கழிவு தந்தன, அதில் ஏறக்குறைய 2.5 லட்சம் டன் சுத்தக் காட்டன் என்று கழிவுகளைத் தடம்பற்றும் ரிவர்ஸ் ரிசோர்சஸ் நிறுவனம் மதிப்பிட்டது. பருத்தி ஏறக்குறைய முழுவதையும் இறக்குமதி செய்கிற நாடு அது. அந்த நாட்டிலிருந்து இந்தச் சுத்தக் காட்டன் கழிவில் பெரும்பகுதி இந்தியா உட்பட வெளிநாடுகளுக்கு விலைபோகிறது. நூலாக மாற்றும் மில்கள் அங்கே போதாது என்பது ஒரு காரணம். ஜுட் வியாபாரம் உள்ளூர் அரசியல் செல்வாக்குள்ளவர்களின் பிடியில் இருப்பது இன்னொன்று. தொழிற்சாலை முதலாளி யாருக்கு விற்க வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்க முடியாத இடத்தில் பிரித்துக் கட்டச் சொல்வது வீண்பேச்சு. திருப்பூருக்கு அதன் அண்டையிலேயே நூற்பாலைகள் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது இங்கே புரியும்.

ஆனால் சைத்பூரையும் பார்க்க வேண்டும். வடக்கே உள்ள அந்த ஊரில் டாக்கா வட்டாரத்து ஜுட்டை வாங்கி, துண்டுகளை இணைத்து ஜாக்கெட், கால்சட்டை, தொப்பி தைத்து இந்தியா, நேபாளம், பூட்டானுக்கு அனுப்புகிறார்கள். கருத்தரங்கில் யாரும் இதை வட்டப் பொருளாதாரம் என்று அழைப்பதில்லை. துணியைக் கிழிக்காமலே இரண்டாம் ஆயுள் கொடுப்பதால் இழைநீளம் ஒரு மி.மீ. கூடக் குறைவதில்லை.

எங்கட பகுதியில் ஆடைத் தொழிற்சாலை இருக்கிறது. வெட்டுத்துணி லொறியில் போகிறது, எரிக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். இது எப்படி மறுசுழற்சியாகும்?
– ஆசிரியர், கிளிநொச்சி

மறுசுழற்சி ஆகாது. இலங்கையில் ஆடைத் தொழிற்சாலைக் கழிவின் ஒரு பகுதி புத்தளம் சிமெண்ட் ஆலைச் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக எரிகிறது. திறந்த வெளியில் எரிப்பதைவிடவும் குப்பைமேட்டில் புதைப்பதைவிடவும் அது எவ்வளவோ மேல். சூளை வெப்பம் மிக அதிகம் என்பதால் முழுக்க எரியும். ஆனால் இழை அதோடு முடிந்தது.

இலங்கைக்குள்ள சிக்கல் வேறு. அங்கே உள்ளாடை, விளையாட்டு உடை அதிகம். நைலான், பாலியஸ்டர், லைக்ரா கலந்த துணிதான் பெரும்பாலும். கிழிக்கும் எந்திரத்துக்குப் பொருந்தாத கலவை. ஆகவே காட்டன் துண்டும் அதே லொறியில் போகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தொழிற்சாலையில் அதைத் தனியாகக் கட்டினாலே போதும்.

இரசாயன முறையில் பருத்தியைக் கரைத்து மறுபடி இழை எடுக்கிறார்களாமே. அது வந்தால் இந்தப் பிரிக்கும் வேலையெல்லாம் தேவையில்லை அல்லவா?
– வங்கி அலுவலர், சேலம்

நேர்மாறு. பருத்திக் கழிவைக் கூழாக்கி அதிலிருந்து விஸ்கோஸ் என்ற இழை எடுக்கும் முறைக்குப் பருத்தி அளவு மிக உயர்ந்த, சுத்தமான கழிவு வேண்டும். பாலியஸ்டர் தையல் நூலும் பிரிண்டும் அங்கேயும் தொல்லை. இதன் முன்னோடியான சுவீடனின் ரீநியூசெல் சுந்த்ஸ்வாலில் ஆலை கட்டி ஓட்டியது, 2024 பிப்ரவரியில் திவாலானது. கூழ் எடுக்கத் தெரிந்திருந்தது. விலை கூடிய கூழை வாங்க வேண்டிய ஆர்டர்கள்தான் வந்து சேரவில்லை. பிறகு புதிய உரிமையாளரிடம் சர்குலோஸ் என்ற பெயரில் தொடர்கிறது. வங்கியில் இருக்கிறீர்கள், உங்களுக்கு இது புரியும்: வாங்குகிறவர் கையெழுத்துப் போடாத வட்டத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

பானிபட்டில் பழைய உடையிலிருந்து நூல் எடுக்கிறார்கள். திருப்பூரில் ஏன் கட்டிங் வேஸ்ட்டோடு நிற்கிறோம்?
– ஓ.இ. மில் சூப்பர்வைசர், பல்லடம்

பானிபட்டின் அடித்தளம் கம்பளி. வெளிநாட்டுப் பழைய கம்பளி உடை வெட்டப்பட்ட கந்தலாக வந்து, பெண்கள் நம் அரிவாள்மனை மாதிரி நிமிர்ந்த கத்திமுன் அமர்ந்து பட்டன், ஜிப், லேபிளை அறுத்தெடுக்க, கலர் வாரியாகக் குவிந்து நூலாகும். கம்பளி இழை பருத்தியைவிட நீளம் என்பதால் கிழித்தாலும் கொஞ்சம் மிஞ்சும். நிவாரணப் போர்வைக்கு அது போதும். அந்தத் தொழிலையும் மலிவான பாலியஸ்டர் போலார் போர்வை அரித்துவிட்டது.

அணிந்து கழித்த பருத்தி உடையில் உங்களுக்குக் கிடைப்பது நாலு வருடம் துவைத்துத் தேய்ந்த இழை, தெரியாத கலவை, தெரியாத சாயம். அகச்சிவப்புக் கதிரால் இழைவகை கண்டுபிடிக்கும் எந்திரம் இருக்கிறது. ஆனால் அது மேல்பரப்பை மட்டும் படிக்கும். உள்துணி வைத்த ஆடையிலும் அடர்கறுப்பிலும் தடுமாறும். ஐரோப்பிய நாடுகளில் 2025 ஜனவரி முதல் பழைய துணியைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குவியல் எங்காவது வந்துதான் ஆக வேண்டும். வாங்குவதாக இருந்தால் பிரித்த சரக்கை மட்டும், மாதிரி மூட்டையை உடைத்து எடைபோட்டுப் பார்த்து வாங்குங்கள். பிரிக்காத சரக்கில் உங்களுக்கு மிஞ்சுவது அவர்களுடைய குப்பை.

மறுசுழற்சிக்கு ஏற்ற டி-ஷர்ட்டை வடிவமைக்க எதை மாற்ற வேண்டும்?
– ஃபேஷன் டிசைன் மாணவர், சென்னை

உடல், ரிப், கழுத்துப்பட்டி, தையல் நூல், லேபிள் ஐந்தையும் ஒரே இழையில் கொண்டுவாருங்கள். ரிப்பில் லைக்ராவை எடுத்தால் கழுத்து தொங்கும் என்பார்கள். ரிப்பை இறுக்கமாகப் போட்டு, கழுத்துச் சுற்றளவைவிட ரிப் நீளத்தை 12–15% குறைத்து இழுத்துத் தைத்தால் பெரும்பாலும் நிற்கும், ஐந்து முறை துவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். காட்டன் தையல் நூல் வேகமான ஓவர்லாக்கில் அறும். மெஷின் வேகத்தைக் குறைத்து, ஊசியை ஒரு எண் மாற்ற வேண்டும், பீஸ்ரேட்டும் (ஒரு உருப்படிக்கான கூலி) அதற்கேற்ப ஏற வேண்டும். நெஞ்சு முழுக்க பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் மை) பிரிண்ட் வேண்டாம். அந்த இடம் கிழியாமல் தோல்மாதிரி உரிந்து வரும்.

வீட்டில் கிழிந்த பனியன்களை என்ன செய்யலாம்?
– இல்லத்தரசி, மதுரை

சுத்தக் காட்டனாக இருந்தால் துவைத்து நன்றாகக் காயவைத்து, இடுப்பு எலாஸ்டிக், லேபிள், பிரிண்ட் பகுதிகளை வெட்டிவிட்டுத் தையலோரமாகப் பிரித்து, உள்ளங்கையைவிடப் பெரிய துண்டுகளாக வையுங்கள். அடுப்படிப் பிடிதுணிக்கும் துடைப்பதற்கும் போக மிஞ்சினால், லாரிப் பட்டறையிலும் பிரஸ்ஸிலும் கை துடைக்க எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். வெள்ளைக்கும் வெளிர் கலருக்கும் அங்கே முதலிடம், எண்ணெய்க் கறை எங்கே இருக்கிறதென்று தெரிய வேண்டுமே. பாலியஸ்டர் கலந்தது தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது, அதைக் கொடுத்தால் அடுத்தமுறை உங்கள் மூட்டையைத் திறந்து பார்த்துத்தான் எடை போடுவார்கள்.